அனோடைஸ் அலுமினியத்தில் டிசைன்: லேசரா, சாயமா?

அனோடைஸ் என்றால் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது. அதில் டிசைன் போட எது நல்லது என்று கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைகளில் கேட்டால் முதலில் லேசரைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். பீஸ் ஏற்கெனவே சாயம் ஏறி சீல் ஆகி (படலத்தின் நுண்துளைகள் மூடி) வந்திருந்தாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே போட்டுவிடும், மயிரிழைக் கோடும் சுத்தமாக விழும். கறுப்பு நாபில் (திருகும் குமிழில்) வெள்ளை எழுத்து என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் லேசர் இருக்கிற சாயத்தை எடுக்கும், சாயம் போலப் புது வண்ணங்கள் ஏற்றாது. பவரை ஏற்றிவிட்டால் ஆக்சைடு படலமே பெயர்ந்து வெறும் அலுமினியம் தெரியும். உப்புத் தண்ணீர் படுகிற பாகமாக இருந்தால் அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

இரண்டு மூன்று நிறம் வேண்டுமா, மறைப்பு போட்டுச் சாயம் ஏற்றுவதுதான் வழி. கந்தக அமிலத் தொட்டியில் வளரும் படலம் முழுக்க நுண்துளைகள், சாயம் அதற்குள் இறங்கி உட்காருகிறது. முதல் நிறம் ஏற்றி, மேலே ஸ்கிரீன் பிரிண்டில் மறைப்பு மை போட்டு, மை படாத இடத்துச் சாயத்தை நைட்ரிக் அமிலத்தில் எடுத்துவிட்டு அடுத்த நிறம், அப்புறம் மையை நீக்கி, கொதிக்கும் நிலையை ஒட்டிய வெந்நீரில் சீல். சீல் ஆனால் துளை மூடிவிடும், பிறகு சாயம் ஏறாது, அதனால் அனோடைஸ் போடுபவரிடம் “சீல் பண்ணாம குடுங்கண்ணா” என்று முன்பே சொல்லிவிடுங்கள். வெறுங்கையால் தொடவும் கூடாது, பிசுக்கு பட்ட இடத்தில் விரல் ரேகை திட்டாகத் தெரியும்.

வேலைப்பாடு அதிகம்தான், ஆனால் அந்த நிறத்தின் ஆழம் லேசரில் வராது. நாலைந்து பீஸுக்கு லேசர் போதும். சாயம் என்றால், அமிலக் கழிவைச் சுத்திகரிக்க வசதி உள்ள இடத்திலேயே கொடுங்கள். நொய்யல் ஆறு பட்டது போதும்.