ஏர் இன்டேக் மாற்றினால் பவர் கூடுமா? டொயோட்டா 86-ஐ வைத்து ஓர் அலசல்

டொயோட்டா 86 வாங்கியவர்கள் முதலில் கைவைக்கும் பாகங்களில் ஒன்று, இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் ஏர் இன்டேக். பானெட்டைத் திறந்ததும் கண்ணெதிரே இருக்கிறது. சில கிளாம்ப், சில போல்ட். வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மாற்றிய அன்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி உறுமுகிற உறுமலில் பவர் கூடிவிட்டது என்றே தோன்றும். உண்மையில் கூடியதா, எந்த வகை இன்டேக்கில் எவ்வளவு கூடும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதற்கு 86-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2012-ல் வந்த இந்தக் காரில் இருப்பது சுபாருவின் எஃப்ஏ20 பாக்ஸர் இன்ஜின். 1998 சிசி, போர் 86 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 86 மி.மீ.; கம்ப்ரஷன் 12.5:1, 7000 ஆர்பிஎம்மில் 200 ஹெச்பி. டர்போ கிடையாது. வெளிக்காற்று தன் அழுத்தத்தால்தான் சிலிண்டருக்குள் போகிறது. அதனால் இன்டேக்கில் செய்கிற நல்லதும் கெட்டதும் மறைந்துகொள்ள இடமில்லாமல் நேராகப் பவரில் வந்து நிற்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 2 லிட்டர் இன்ஜின் என்றால் சுற்றுக்கு ஒரு லிட்டர். 7000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7000 லிட்டர். பத்துக்குப் பத்து அறை ஒன்றில் இருக்கும் மொத்தக் காற்றையும் நான்கே நிமிடத்தில் குடித்துவிடும். இவ்வளவு காற்றுக்கு அந்தச் சின்னக் காகித ஃபில்டர் தடையாகத்தானே இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. தடைதான். ஆனால் எவ்வளவு தடை என்பதை அளந்து பார்க்க முடியும்.

கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து, ஆர்பிஎம் உச்சத்துக்குப் போகும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் 98 என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர், குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து தின்றது 3. மொத்தத் தடையையும் மந்திரம் போட்டு மறைய வைத்தாலும் கிடைக்கப்போவது 3 சதவீதம். 200 ஹெச்பியில் 6. ஃபில்டரை மட்டும் மாற்றுகிறவருக்கு அதிலும் ஒரு பங்குதான். குழாயின் நீளமும் அகலமும் மாறும்போது காற்றலைகள் எதிரொலிக்கும் விதம் மாறி, ஓர் ஆர்பிஎம்மில் கொஞ்சம் கூடி இன்னொன்றில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 15, 20 ஹெச்பி என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தைக் காட்டும் சென்சார் உள்ள கார் என்றால் காரின் சென்சார் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடரைச் செருகி உங்கள் வண்டியிலேயே இதைப் பார்க்கலாம்.

கம்பெனி பெட்டி

காரோடு வரும் இன்டேக் பெட்டியைக் குறைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 86-ன் கம்பெனி இன்டேக், ரேடியேட்டருக்கு மேலே முன்பக்கமிருந்து காற்றை எடுக்கிறது. அதாவது இன்ஜின் சூடு படாத வெளிக்காற்று. பெட்டி மூடியிருக்கிறது. குழாயில் இருக்கும் வீக்கங்களும் கிளை அறைகளும் சத்தத்தின் குறிப்பிட்ட அலைகளை விழுங்குவதற்காக வைத்தவை. இன்னொரு பக்கம், இன்டேக் சத்தத்தை ஓட்டுநர் காதுக்குக் கொண்டுபோகத் தனியாக ஒரு குழாயையும் வைத்திருக்கிறார்கள். சத்தத்தை எங்கே அடக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை.

2017 மாடலில் நடந்ததையும் பாருங்கள். அமெரிக்காவில் மேனுவல் கியர் கார்களுக்கு இன்டேக் மேனிஃபோல்டை அலுமினியத்தில் புதிதாகச் செய்தார்கள், எக்ஸாஸ்ட் பக்கமும் திருத்தினார்கள். இன்ஜினைப் படைத்தவர்களே இத்தனையும் செய்து கிடைத்தது 200-லிருந்து 205 ஹெச்பி. அந்த வருடக் காரில் பிக்கப் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், சக்கரத்துக்கு முன் வரும் கடைசிக் கியரான ஃபைனல் டிரைவின் விகிதத்தை 4.1-லிருந்து 4.3-க்கு மாற்றியதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

பெட்டி அப்படியே, ஃபில்டர் மட்டும் புதிது

1969-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனத்தால் பிரபலமானது எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். நீண்ட நாள் காரை வைத்திருப்பவருக்குச் செலவு மிச்சம். பவரைப் பொறுத்தவரை, சுத்தமான புதுக் காகித ஃபில்டரோடு ஒப்பிட்டால் வித்தியாசம், பவரை அளக்கும் கருவியான டைனோவின் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும் அளவுக்குச் சின்னது. அடைத்துப்போன பழைய ஃபில்டரோடு ஒப்பிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வரும். புழுதி அதிகமுள்ள சாலைகளில் ஓடும் வண்டிக்கு நான் காகிதத்தைத்தான் சொல்வேன். நுண்ணிய மணல் தூள் சிலிண்டர் சுவரை அரிக்கும். அதைப் பிடிப்பதில் நல்ல காகிதம் கெட்டிக்காரன். பருத்திக்கு எண்ணெய் அதிகமானால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படிந்து அளவைத் தப்பாக்கும் ஆபத்தும் உண்டு.

ஷார்ட் ராம்: திறந்த கூம்பு ஃபில்டர்

விலை குறைவு, பொருத்துவது சுலபம், சத்தம் பிரமாதம். பவருக்கு மட்டும் இதுதான் நான்கிலும் மோசம்.

ஃபில்டர் இன்ஜின் அறைக்குள்ளேயே திறந்து கிடக்கிறது. வெளியே 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது உள்ளே 60 டிகிரிக் காற்றை இழுத்தால், காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. தடையை நீக்கி ஈட்டப் பார்த்தது 3 சதவீதம். சூட்டில் விடுவது அதைவிட அதிகம். உள்ளே போகும் வழியில் காற்றின் வெப்பநிலை மாறிக்கொண்டே இருப்பதால் அந்த 9 சதவீதமும் அப்படியே பவரில் குறையாது, பாதியளவு என்று வைத்துக்கொண்டாலும் நஷ்டம்தான். அதோடு முடியவில்லை. 12.5:1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜினுக்குச் சூடான காற்று கொடுத்தால் நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) வரப் பார்க்கும். அதைத் தவிர்க்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். அங்கேயும் பவர் போகிறது.

நெடுஞ்சாலையில் காற்று ஓட்டம் இருக்கும்வரை இந்த நஷ்டம் குறைவு. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று, இன்டேக் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது, பச்சை விழுந்து கிளம்பிய பிறகு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஓபிடி ரீடரில் பாருங்கள். டைனோவில் இது தெரியாது. அங்கே பானெட்டைத் திறந்துவைத்து, பெரிய மின்விசிறியால் முன்னாலிருந்து காற்றடிப்பார்கள். சாலையில் யாரும் பானெட்டைத் திறந்து ஓட்டுவதில்லை. எந்த டைனோ தாளைக் காட்டினாலும் பானெட் மூடியிருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

கோல்டு ஏர்: நீளக் குழாய்

இங்கே ஃபில்டரை இன்ஜின் அறைக்கு வெளியே, பம்பருக்கோ ஃபெண்டருக்கோ உள்ளே தாழ்வாக வைக்கிறார்கள். குளிர்ந்த காற்று கிடைக்கிறது, நோக்கம் சரி. ஆனால் கம்பெனி பெட்டியும் வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது என்பதால் 86-ல் இதன் சாதகம் சுருங்கிவிடுகிறது. ஷார்ட் ராமோடு ஒப்பிட்டால் இது தெளிவாக மேல். கம்பெனிப் பெட்டியோடு ஒப்பிட்டால் இழுபறி.

அப்படியென்றால் ஈசியூவைத் தொடாமலேயே சில கிட்டுகள் டைனோவில் நல்ல எண் காட்டுகிறதே, எப்படி? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏர்ஃப்ளோ சென்சார் காற்றை எண்ணுவதில்லை. சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்று பார்த்து, குழாயின் விட்டம் இவ்வளவு என்ற நம்பிக்கையில் கணக்குப் போடுகிறது. சென்சார் இருக்கும் இடத்தில் விட்டம் 70 மி.மீட்டரிலிருந்து 73 ஆனால் பரப்பு சுமார் 9 சதவீதம் கூடும், காற்றின் வேகம் அந்த அளவுக்குக் குறையும், சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்திவிடும். முழு மிதியில் அந்தத் திருத்தம் முழுமையாக வராது. கம்பெனியில் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, வைத்த காற்று-எரிபொருள் விகிதம் லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் குறைந்துவிடும். ரிச்சான கலவையைக் கொஞ்சம் லீன் ஆக்கினால் பவர் சிறிது கூடும். கூடிய ஹெச்பி இன்டேக் கொடுத்ததில்லை, இன்ஜினின் பாதுகாப்பு இருப்பிலிருந்து எடுத்தது. வெயில் காலத்தில், மட்டமான பெட்ரோலில், அதே இன்ஜின் நாக்கிங்கில் மாட்டும். இதை வாங்குகிறவருக்குச் சொல்லாமல் விற்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. சென்சார் இடத்தின் விட்டத்தைக் கம்பெனி அளவிலேயே வைத்த கிட்டைத் தேடுங்கள்; இல்லையென்றால் டியூனிங்கோடு (ஈசியூவின் கணக்கைப் புது இன்டேக்குக்கு ஏற்ப மாற்றுவது) சேர்த்து மட்டும் போடுங்கள்.

தாழ்வான ஃபில்டருக்கு இன்னொரு பயமும் உண்டு. மழைநீர் தேங்கிய சாலையில் ஃபில்டர் முங்கினால் இன்ஜின் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஒரு மழைநாளில் முழு இன்ஜினும் போய்விடும்.

மூடிய பெட்டி கிட்

பெரிய ஃபில்டர், அதைச் சுற்றி மூடிய பெட்டி, கம்பெனி வாயிலிருந்தே குளிர்காற்று. விலை இவற்றில் அதிகம். இன்டேக் மாற்றியே தீருவேன் என்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். டியூனிங்கோடு போட்டால் உச்ச ஆர்பிஎம்மில் சில ஹெச்பி நியாயமாகக் கிடைக்கும். சத்தமும் கிடைக்கும், சூடும் ஏறாது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் அங்குள்ள காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் உள்ள கிட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் புகைச் சோதனையில் வண்டி நிற்கும்.

டர்போ கார் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. மேனிஃபோல்டில் 240 கிலோபாஸ்கல் வேண்டும் என்று ஈசியூ கேட்கிறது. டர்போவின் வாயில் 96 இருந்தால் 2.5 மடங்கு அமுக்க வேண்டும், 99 இருந்தால் 2.42 போதும். டர்போ குறைவாக உழைக்கிறது, காற்று குறைவாகச் சூடாகிறது. பூஸ்ட்டை ஏற்றி டியூன் செய்யும்போது அந்த மிச்சம் உண்மையான பவராக மாறும். டர்போ காரில் இன்டேக் விளம்பரங்களுக்கு ஓரளவு பொருள் இருப்பது இதனால்தான்.

86-க்குத் திரும்புவோம். இந்தக் காரில் ஓட்டுகிறவரைப் படுத்துவது உச்ச ஆர்பிஎம் அல்ல. 3500-லிருந்து 4500 வரை டார்க் பள்ளத்தில் விழுவதுதான். ஓவர்டேக் செய்ய மிதிக்கும் நேரத்தில் இழுவை தொய்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவதாக நம்பி இன்டேக் வாங்கியவர்கள் நிறையப் பேர். நிரம்பாது. எக்ஸாஸ்ட் ஹெடரையும் (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியேற்றும் முதல் குழாய்கள்) டியூனிங்கையும் சேர்த்துச் செய்தால் பள்ளம் கணிசமாகத் தூரும். டொயோட்டாவும் சுபாருவும் அடுத்த தலைமுறையில் இன்ஜினையே 2.4 லிட்டர் ஆக்கினார்கள். அந்த அடுத்த தலைமுறைக் காரான ஜிஆர்86-ல் 250 நியூட்டன் மீட்டர் டார்க் 3700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது.

என் கையில் ஒரு 2013 மாடல் 86-ஐக் கொடுத்தால் கம்பெனிப் பெட்டியை அப்படியே வைத்து, புதுக் காகித ஃபில்டர் போட்டு, பெட்டியின் ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். இன்டேக்குக்கான பணத்தை முதலில் டயரில் போடுவேன். ப்ரியஸுக்கும் கொடுத்த மிச்செலின் ப்ரைமசி வகை டயரோடுதான் இந்தக் கார் வந்தது. மிச்சம் சேரும்போது ஹெடரும் டியூனிங்கும். அதற்குப் பிறகும் அந்த உறுமல் வேண்டும் என்று மனது கேட்டால், சத்தத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மூடிய பெட்டி கிட் ஒன்று வாங்குவேன்.