பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் மிச்சம்: எதற்குக் காசு போடலாம், எதற்குக் கூடாது

பழைய சுவிஃப்ட் ஸ்போர்ட்டோ கோல்ஃப் ஜிடிஐயோ கைக்கு வந்த முதல் மாதமே, லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். உடனே பலரும் விசாரிப்பது ரீமேப் (என்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது), கூம்பு வடிவக் காற்று ஃபில்டர், இலேசான ரிம். மூன்றும் வரிசையில் கடைசியாக நிற்கவேண்டியவை. புதிதாக இருந்தபோது குடித்ததைவிட இப்போது அதிகம் குடிக்கிறது என்றால் எங்கோ ஏதோ கெட்டிருக்கிறது, அல்லது முந்தைய உரிமையாளர் எதையோ மாற்றி வைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

சிங்கப்பூரில் இதற்கு மேல் இன்னொரு கணக்கும் உண்டு: சிஓஇ (காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் எத்தனை மாதம்? ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 2.90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 9 கி.மீ. 10 ஆனால் ஆண்டில் சுமார் 167 லிட்டர் மிச்சம், அதாவது 480 வெள்ளி சொச்சம். 1,500 வெள்ளிக்கு ரிம் வாங்கி, அந்த ஒரு கிலோமீட்டர் முழுசாகக் கிடைத்தாலும் (கிடைக்காது) போட்ட காசு திரும்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். சிஓஇயில் மீதி இரண்டரை ஆண்டு என்றால் பேச்சே இல்லை.

தெர்மோஸ்டாட், சென்சார், பிளக்: பழையபடி ஆக்குவதா, "ரேஸ்" சாமானை விட்டுவைப்பதா?

பணம் அதிகம் தப்புவது இங்கேதான். என்ஜின் கணினியின் தகவலைப் படிக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டி, தீவு விரைவுச்சாலையில் கால்மணி நேரம் சீராக ஓட்டிப் பாருங்கள். குளிர்நீர் வெப்பம் 85 முதல் 95 டிகிரிக்குள் நிலையாக நிற்கவேண்டும். ஓட ஓட 70 பக்கம் இறங்கி, சிவப்பு விளக்கில் நின்றதும் மறுபடி ஏறினால் குளிர்நீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டு முள் நடுவிலேயே நிற்கும், அதை நம்பாதீர்கள். ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக் குறியீடு வரலாம். நம் ஊர் வெயிலில் வராமலே போகவும் கூடும். இன்னொரு சாத்தியமும் உண்டு: ரேஸ் டிராக்கில் ஓட்டியவர்கள் வேண்டுமென்றே 70 சொச்சம் டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டிருப்பார்கள். டிராக்கில் அது சரி. சிராங்கூன் ரோட்டில் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இசியூ (என்ஜின் கணினி) பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். அந்த மாடலுக்கு உரிய தெர்மோஸ்டாட்டை மாட்டி, கூலண்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

ஸ்பார்க் பிளக் கதையும் இதேதான். டர்போ அழுத்தம் (பூஸ்ட்) ஏற்றிய கார்களில் ஒரு படி குளிர்ந்த, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் பிளக் போட்டிருப்பார்கள். என்ஜிகே கணக்கில் 6க்குப் பதில் 7. பிளக்கின் முனை சுமார் 450 டிகிரியைத் தொட்டால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஊர்ந்துபோகும் போக்குவரத்தில் குளிர்ந்த பிளக் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. கழற்றிப் பாருங்கள்: முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது, உலர்ந்த கறுப்புக் கரி என்றால் ஒன்று பிளக் குளிர்ந்தது, இல்லையென்றால் பெட்ரோல் அதிகம் இறங்குகிறது. ரீமேப் செய்யாத காரில் கையேடு சொல்லும் எண்ணுக்கே திரும்பலாம். ரீமேப் இருந்தால் டியூன் செய்த பட்டறையைக் கேட்காமல் மாற்றக்கூடாது, நாக் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும்.

புகைக்குழாயில் உள்ள முன்பக்க ஆக்சிஜன் சென்சார் சோம்பிப் போனால் இழப்பு பெரிது. அமெரிக்க எரிசக்தித் துறை, கெட்டுப்போன ஆக்சிஜன் சென்சாரைச் சரிசெய்தால் 40 விழுக்காடு வரை முன்னேற்றம் வரலாம் என்கிறது. அது மிக மோசமான நிலைக்கான எண், எல்லாக் காருக்கும் எதிர்பார்க்கவேண்டாம். ஸ்கேனரில் நீண்டகால ஃபியூவல் டிரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூட்டல் கழித்தல் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி. கழித்தல் 10 தாண்டினால் இன்ஜெக்டர் ஒழுகல், தொட்டியின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்து நிற்பது போன்றவற்றைத் தேடுங்கள். கூட்டல் 10 என்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கு. எண்ணெய் தடவிய ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்ட கார்களில் அந்த எண்ணெயே சென்சார் கம்பியில் படிந்திருக்கும். அதற்கென விற்கும் ஸ்பிரேயால் கழுவி உலரவிட்டு மாட்டுங்கள்; பிரேக் கிளீனர் அடித்துவிடாதீர்கள்.

ஃபில்டர்

காகித ஃபில்டரா, கூம்பு ஃபில்டரா? பெட்ரோல் சிக்கனத்துக்கு இரண்டும் ஒன்றே. இன்ஜெக்‌ஷன் கார்களில் அழுக்கு ஃபில்டரை மாற்றினால் வேகம் பிடிக்கும் விதம் தேறும், மைலேஜ் ஏறாது. கூம்பு ஃபில்டர் தருவது சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்க நீங்கள் மிதிக்கும் பெட்ரோல் தனிக் கணக்கு.

டயர்: காற்றா, ரப்பரா?

காற்றழுத்தத்தால் வரும் லாபத்தைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் இழப்பு 0.2 விழுக்காடுதான். 33 இருக்கவேண்டிய இடத்தில் 26 இருந்தால் ஒன்றரை விழுக்காடு. ஆனாலும் இலவசம் என்பதால் செய்யுங்கள். கதவுத் தூணில் ஒட்டிய அளவே சரியான அளவு, பெட்ரோல் நிலையக் கருவியில் 230 கேபிஏ என்றால் 33 பிஎஸ்ஐ. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். விரைவுச்சாலையில் ஓட்டி வந்த சூட்டில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

ஒட்டும் ஸ்போர்ட்ஸ் ரப்பரிலிருந்து சிக்கன டயருக்கு மாறினால் லாபம் காற்றழுத்தத்தைவிட அதிகம். ஆனால் மழையில் 90 கி.மீ. வேகத்தில் பிரேக் போடும் ஊர் இது. ஐரோப்பிய லேபிளில் உருளல் எதிர்ப்புக்கு ஓர் எழுத்தும் ஈரப்பிடிக்கு ஓர் எழுத்தும் இருக்கும். ஈரப்பிடி 'ஏ' இல்லாத டயர் எவ்வளவு சிக்கனமானாலும் இந்தக் காருக்கு வேண்டாம். இருக்கும் டயர் தேயும்வரை காத்திருந்து மாற்றுங்கள். ஸ்பிரிங் தாழ்த்திய காராக இருந்தால் அதற்குமுன் அலைன்மெண்ட்: உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் டோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணம்) தவறாக இருக்கலாம், ரப்பரும் பெட்ரோலும் சேர்ந்து போகும்.

அப்படியே பிரேக்கையும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் இலேசாக உரசிச் சுற்றவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் கேலிப்பர் (பிரேக் பட்டையை அழுத்தும் பாகம்) ஊசியில் துரு இருக்கலாம்.

95ஆ, 98ஆ?

பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் 95 என்றிருந்தால் 98 ஊற்றுவது வீண். 95 லிட்டர் 2.90 வெள்ளி, 98 லிட்டர் 3.40 வெள்ளி என்று வைத்தால் இடைவெளி 17 விழுக்காடு. அந்த அளவுக்கு எந்தக் காரும் கூடுதலாக ஓடாது. அந்த இடைவெளியில் வரி வெறும் 13 காசுதான்: 2021 பிப்ரவரியில் வரி உயர்ந்தபின் 98க்கு 79 காசு, 95க்கு 66 காசு. 98 கட்டாயம் என்று எழுதிய டர்போவில் 95 ஊற்றினால் நாக் சென்சார் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும். மிச்சம் பிடித்தது அங்கே கரையும். "98 நல்லது, 95 போதும்" என்ற வகைக் கார்தான் குழப்பம். உள்ளூர் நெரிசலில் வித்தியாசம் தெரியாது, கெந்திங் மலை ஏறும்போது தெரியும்.

ஜோகூர் யோசனையும் வரும். அங்கே 2010 முதல் வெளிநாட்டுக் கார்களுக்கு 95 விற்கக்கூடாது, 97 வாங்கலாம். இங்கிருந்து கிளம்பும்போது தொட்டி முக்கால் நிறைந்திருக்கவேண்டும். நுழைவுக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணமும் பாலத்தில் நிற்கும் நேரத்து பெட்ரோலும் கழித்துப் பாருங்கள். சாப்பிடப் போகிறவர்களுக்கு லாபம், பெட்ரோலுக்காகவே போகிறவர்களுக்குச் சந்தேகம்.

கரி எடுப்பது: பாட்டிலா, வால்நட்டா?

சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் பழைய 1.6 என்ஜினில் பெட்ரோலை உள்வாங்கும் வால்வின் மேலேயே தெளிக்கும், அதுவே கரியைக் கழுவிவிடும், இந்தச் செலவே தேவையில்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள பழைய ஜிடிஐயில் பெட்ரோல் அந்த வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை, அங்கே கரி படியும். தொட்டியில் ஊற்றும் பாட்டில் இன்ஜெக்டரைக் கழுவும், வால்வுக் கரியை ஒன்றும் செய்யாது. வால்வுக்குக் காற்று கொண்டுவரும் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத்தூள் அடிப்பதுதான் வழி. புது கேஸ்கெட் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். டொயோட்டா 86 காரில் இரண்டு வகை இன்ஜெக்டரும் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ரீமேப்

சீரான வேகத்தில் இசியூ எப்படியும் 14.7க்கு 1 என்ற காற்று–பெட்ரோல் விகிதத்தைத்தான் பிடிக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அது வேண்டும். ஆகவே ரீமேப்பால் சிக்கனம் வருவது, கூடிய டார்க்கால் கியரைச் சீக்கிரம் மாற்றினால் மட்டும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்தால் விபத்து நேரத்தில் தகராறு வரும்.

இதைவிட, டியூஷன் வாசலில் ஏர்கானோடு அரைமணி நேரம் காத்திருப்பதை நிறுத்தலாம். நின்றபடி ஓடும் என்ஜின் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் குடிக்கும். மாதம் 25 நாள் என்றால் குறைந்தது 12 லிட்டர், 35 வெள்ளி. நிறுத்திய வண்டியில் என்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட.

அளக்கும் விதம்

எதை மாற்றினாலும் ஒரே நிலையம், ஒரே குழாய், முதல் 'கிளிக்'கோடு நிறுத்தி மூன்று தொட்டி சராசரி எடுங்கள். டயர் அளவு மாறியிருந்தால் ஓடோமீட்டரும் ஏமாற்றும்: 195/45 ஆர்17க்குப் பதில் 205/45 ஆர்17 போட்டால் ஒன்றரை விழுக்காடு குறைவாகக் காட்டும், மைலேஜ் விழுந்ததுபோலத் தோன்றும். பேட்டரியைக் கழற்றிய பிறகோ பழுதுக் குறியீட்டை அழித்த பிறகோ வரும் முதல் தொட்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; இசியூ அப்போதுதான் டிரிம்மைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும்.