கரப்பானுக்கு நானே, கரையானுக்கு ஆள்: ஏழு வருட அனுபவம்

தாம்பரம் பக்கம் இந்த வீட்டுக்கு வந்தது 2017-இல். முதல் இரண்டு வருடம் கரப்பானோடுதான் குடித்தனம். ஸ்பிரே அடித்த அன்று பத்துப் பதினைந்து மல்லாந்து கிடக்கும். மூன்றாம் வாரம் அடுப்படி மேடையில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் ஓடும். சின்ன ஜெர்மன் கரப்பான், குஞ்சு பொரிக்கிற நேரம்வரை முட்டைக்கூட்டை வாலில் சுமந்தே திரியும். ஒரு கூட்டில் 30, 40 முட்டை. சந்துக்குள் ஒளிந்திருக்கும் தாயை ஸ்பிரே எட்டுவதில்லை.

அலுத்துப்போய் பூச்சி மருந்துக் கம்பெனியோடு வருட ஒப்பந்தம் போட்டேன். வந்த பையன் சிரிஞ்சில் ஜெல்லை எடுத்து மிக்ஸிக்கு அடியில், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரிக் கீல்களில் பயறளவு புள்ளி வைத்தான். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி 0.05 சதவீதம் கலந்த அதே ஜெல் கடையிலேயே கிடைக்கிறது. மறு வருடத்திலிருந்து நானே வைக்கிறேன். தின்ற கரப்பான் பொந்துக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்ற மற்ற கரப்பானும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள், கரப்பான் அந்தப் பக்கமே வராது. மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை வையுங்கள்.

இந்தத் தைரியத்தில்தான் கரையானிடம் ஏமாந்தேன். 2021 மழைக்குப் பிறகு பாத்ரூம் கதவு நிலையில் பென்சில் கனத்துக்கு ஒரு மண்கோடு. சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன், போய்விட்டது. நாலு மாதம் கழித்து நிலையை விரலால் தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி சத்தம். பரணில் இருந்த பழைய புத்தகங்களும் போச்சு. நான் அழித்தது வழியை மட்டும். கூடு மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்தது.

முதலில் கூப்பிட்ட ஆட்கள் ஒரே மணி நேரத்தில் முடித்தார்கள். "கட்டிலை நகர்த்த வேண்டாமா தம்பி?" என்றால், "மருந்து தானா பரவிடும் சார்." ஐந்து வருட வாரண்டிக் காகிதம் கொடுத்தார்கள். எட்டாம் மாதம் மண்கோடு திரும்பி வந்தது. அவர்கள் போனை எடுக்கவில்லை.

இரண்டாவது முறை ஸ்கேலோடு பக்கத்திலேயே நின்றேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை, இமிடாக்லோபிரிட் என்ற கரையான் மருந்து 30.5 சதவீதம், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, மேலே வெள்ளை சிமெண்ட். பாட்டில் சீலை என் கண் முன்னால்தான் உடைத்தார்கள். இன்றுவரை கோடு இல்லை. நிலை மாற்றிய செலவுதான் மருந்துச் செலவைவிட அதிகம்.

எலிக்கு மட்டும் மருந்தே கிடையாது, நானும் வைப்பதில்லை, ஆளையும் விடுவதில்லை. 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஆள் வைத்து எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்திக்குப் பிறகு எங்கள் வீட்டில் கூண்டும் மசால்வடையும்தான். மாட்டியதை ஏரிக்கரை வரை கொண்டுபோய் விடுவது என் தலையில் விடிந்திருக்கிறது.