340 டாலர் போச்சு: பழைய குரோனோகிராஃப் (துப்பாக்கிக் குண்டின் வேகம் அளக்கும் கருவி) வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

டெக்சாஸில் இருக்கிறேன். மூன்று வருடமாக .308 ரைஃபிளுக்கு, உறையில் வெடிமருந்தும் குண்டும் வைத்து, நானே தோட்டா தயாரித்துக்கொள்கிறேன். வேகத்தை இதுவரை உத்தேசமாகத்தான் போட்டுவந்தேன். என் கையேட்டில் 168 கிரெய்ன் (எடை அளவு) குண்டுக்கு வினாடிக்கு 2,680 அடி. அது 24 அங்குலக் குழலில் சோதித்தது, என்னுடையது 20. குழல் குட்டையானால் வேகம் குறையும்; அங்குலத்துக்கு 25 அடி கழித்தால் 2,580. அளந்தே பார்த்துவிடலாம் என்று ஓர் ஆசை. அந்த ஆசைதான் 340 டாலரை விழுங்கியது.

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் பக்கத்தில் பழைய துப்பாக்கிச் சாமான் விற்கும் கடை. அங்கே முக்காலி, பிரிண்டரோடு ஒரு குரோனோகிராஃப் இருந்தது. குண்டின் நிழல் முதல் சென்சாரிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஆகும் நேரத்தை வைத்து வேகம் சொல்கிற வகை. நான் தயங்கியதும் கடைக்காரர் உள்ளே போய்த் தன் நோட்டையே எடுத்து வந்து விரித்தார். பக்கம் பக்கமாகப் பென்சிலில் தேதி, மருந்து எடை, வேகம். ஒரு பக்கத்தில் காபிக் கறை. "பத்து வருஷம் இதில்தான் அளந்தேன். என் பையனுக்குக் கொடுக்கிற மாதிரி உனக்குக் கொடுக்கிறேன்" என்றார். அந்தக் காபிக் கறையில் விழுந்தேன். ரொக்கமாக 340 டாலர் கொடுத்தேன், ரசீதுகூட கேட்கவில்லை.

ரேஞ்சில் வைத்துச் சுட்டால் சராசரி 2,760! வேகம் இவ்வளவு கூடினால் அழுத்தமும் எல்லை மீறியிருக்கும் என்று பயந்து, மீதி 60 தோட்டாவையும் சுத்தியல் புல்லரில் (தட்டித் தோட்டாவிலிருந்து குண்டைக் கழற்றும் கருவி) தட்டித் தட்டிப் பிரித்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "வெளிச்சம் சரியில்லை" என்றார். அப்புறம் "பேட்டரி மாற்று". அப்புறம் "உன் தோட்டாவில்தான் கோளாறு". நாலாவது தடவை வேறு யாரோ எடுத்து, "பழைய சாமானுக்குப் பொறுப்பு கிடையாது" என்று வைத்துவிட்டார்.

நேற்று நண்பரின் ரேடார் கருவியில் அதே கலவையை அளந்தோம்: 2,588. என் உத்தேசமே சரி! வீட்டுக்கு வந்து சென்சாருக்கு அடியில் இருந்த கறுப்பு டேப்பை உரித்தேன். மஞ்சளாகக் காய்ந்த பசை, ஒரு ஓரத்தில் குண்டு உரசிய பள்ளம். யாரோ கருவியையே சுட்டுவிட்டு, சென்சாரைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். 12 அங்குலம் இருக்க வேண்டிய இடைவெளி பதினொன்றே கால்தான். தூரம் குறைந்தால் நேரம் குறையும், காட்டுகிற வேகம் ஏறும். இதுவே தள்ளி ஒட்டியிருந்தால் வேகம் குறைவாகக் காட்டியிருக்கும், நான் மருந்தைக் கூட்டியிருப்பேன். நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

1742-லேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், தொங்கவிட்ட ஊசலில் குண்டைச் சுட்டு, அது ஆடுகிற அளவை வைத்து வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். அவர் 1751-ல் இறந்தது எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில். அந்த ஊசலுக்கு இருந்த நேர்மை என் 340 டாலர் சாமானுக்கு இல்லை.

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. டேப் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். சென்சார் இடைவெளியை அளவுகோல் வைத்து அளங்கள். பெட்டியில் வேகம் அச்சிட்ட .22 தோட்டாவைக் கடைக்காரர் முன்னாலேயே சுட்டு ஒப்பிடுங்கள். ரொக்கம் வேண்டாம், கார்டில் கொடுங்கள். யாராவது நோட்டை விரித்தால் வெளியே வந்துவிடுங்கள்.