எக்ஸெக்கா, டீபக்கா?

செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் குபெர்னெட்டிஸ். அதில் ஓடும் கண்டெய்னருக்குள் எட்டிப் பார்க்கப் பழைய வழி எக்ஸெக் என்ற கட்டளை. அதே கண்டெய்னரில் கட்டளைகள் அடிக்க ஒரு ஷெல்லைத் திறந்து உள்ளே போய்விடலாம். கண்டெய்னரை உருவாக்கும் இமேஜில் ஷெல்லும், இணைய முகவரிகளைச் சோதிக்க உதவும் கர்லும் இருந்தால் இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை.

ஆனால் இப்போது பலர் செயலிக்குத் தேவையானதை மட்டும் வைத்த டிஸ்ட்ரோலெஸ் இமேஜ் போடுகிறார்கள். அதில் ஷெல்லே கிடையாது. எக்ஸெக் கொடுத்தால் பிழைதான் வரும். கண்டெய்னர் விழுந்து விழுந்து எழுந்தால் நம் ஷெல்லும் கூடவே போய்விடும்.

அங்கேதான் டீபக் என்ற கட்டளை கைகொடுக்கிறது. கண்டெய்னர்கள் சேர்ந்து ஓடும் தொகுப்புக்குப் பாடு (pod) என்று பெயர். ஓடும் பாடுக்குள்ளேயே, ஷெல்லும் சிறு கருவிகளும் கொண்ட பிஸிபாக்ஸ் போன்ற இமேஜிலிருந்து தற்காலிகக் கண்டெய்னர் ஒன்றைச் சேர்த்துவிடும். 2022இல் வந்த குபெர்னெட்டிஸ் 1.25 பதிப்பிலிருந்து இது நிலையான வசதி. பாடுக்குள் நெட்வொர்க் பொதுவானது என்பதால், அதன் சொந்த முகவரியான லோக்கல்ஹோஸ்ட்டை அப்படியே சோதிக்கலாம். டார்கெட் என்று கண்டெய்னர் பெயரைக் கொடுத்தால் அதன் பிராசஸ்களும் தெரியும். கோப்புகள் மட்டும் நேரே தெரியாது. டார்கெட் கொடுத்த பிறகு, பிராசஸ் விவரங்கள் இருக்கும் பிராக் அடைவு (/proc), அதில் 1, அதற்குள் ரூட் என்று போனால், அனுமதி இருந்தால், மொத்தமும் கண்முன் இருக்கும். முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி!

ஒரு சங்கடம்: சேர்த்த கண்டெய்னரைத் தனியாக நீக்க முடியாது, அந்தப் பாடு முழுவதையும் அழிக்க வேண்டும். சரி, இருக்கட்டும். பிழை தேடுவதற்காகவே இமேஜில் ஷெல்லைத் திணிப்பதைவிட இதுவே மேல்.