ரவுட்டருக்கு எந்தப் பற்றறி: ஈய அமிலமா, பழைய மடிக்கணினிக் கலமா, இரும்பு பொஸ்பேட்டா?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, வீட்டில் ரவுட்டருக்குப் பற்றறி பொருத்த நினைத்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, அது எத்தனை தடவை ஏறி இறங்குவதைத் தாங்கும் என்பதுதான். திருகோணமலையில் இப்போது அந்தக் கேள்விக்கு அவ்வளவு வேலையில்லை. மாதக்கணக்கில் மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது. பிறகு வாடை தொடங்கி மரக்கிளை கம்பியில் விழும் ஓர் இரவிலோ, 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அப்படியொரு நாளிலோ பற்றறி திடீரென உழைக்க வேண்டி வருகிறது. ஆகவே, கச்சான் வீசும் மாதங்களின் வெக்கையில் நிறைந்த நிலையிலேயே சும்மா கிடந்தும் கெடாமல் இருக்கக்கூடியது எது என்பதை வைத்தே நான் தேர்ந்தேன். லிதியம் இரும்பு பொஸ்பேட்டுப் பக்கம் நான் சாய்ந்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்குத்தான் இந்த முயற்சி முழுப் பயன் தரும். இணைப்பகத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒளியைப் பிரித்து அனுப்பும் பெட்டிகளுக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், வீட்டுப் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் இணையம் ஓடும். நான்காம் தலைமுறை ரவுட்டர் வைத்திருப்பவர், கோபுரத்தில் உள்ள பற்றறி தீர்ந்ததும் தம் வீட்டுப் பற்றறி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கணினிக் கடையில் விற்கும் யூ.பி.எஸ். பெட்டியை நான் கணக்கில் எடுக்கவில்லை. 12 வோல்ட் பற்றறியிலிருந்து 230 வோல்ட்டாக உயர்த்தி, பிறகு அடப்டர் அதை மறுபடியும் 12 வோல்ட்டாக இறக்கும்போது, பத்து வாட்டுக்கும் குறைவாக இழுக்கும் ரவுட்டருக்காக அதைவிடக் கூடுதலான மின்சாரத்தைப் பெட்டியே விழுங்கிவிடக்கூடும். 230 வோல்ட்டாக உயர்த்தாமல் ரவுட்டருக்கு நேரே கொடுக்கும், ஆயத்தமாக வரும் சிறிய டி.சி. யூ.பி.எஸ். அதைவிட நல்லது, ஆனால் அதில் 8800 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அது உள்ளேயுள்ள 3.7 வோல்ட் கலத்தின் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 33 வாட் மணிகூட வராது. 9 வாட் ரவுட்டருக்கு மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல் கிடைக்கலாம். அதற்குள் மின்சாரம் வந்துவிடும் என்று நம்புபவர் அதையே வாங்கிக்கொண்டு இத்துடன் நிறுத்திவிடலாம்.

மீதியிருப்பவை, நாமே கட்டவேண்டிய மூன்று. முதலாவது, அலாரப் பெட்டிகளிலும் யூ.பி.எஸ்.களிலும் இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி மூடிய ஈய அமிலப் பற்றறி. மலிவானது, எங்கும் கிடைப்பது, தெரியாதவர் கையாண்டாலும் பெரிதாக ஆபத்து விளைவிக்காதது. மல்ட்டிமீற்றரை வைத்தாலே அதன் நிலை தெரியும்: ஓய்வில் 12.7 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12ஐ நெருங்கினால் தீரப்போகிறது. காகிதத்தில் 84 வாட் மணி என்றாலும், ஆயுளைக் காக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதன் உண்மையான எதிரி வெப்பம். 25 பாகையில் இந்தப் பற்றறிக்குப் பொருத்தமான நிலையான சார்ஜ் அழுத்தம் ஏறத்தாழ 13.65 வோல்ட், வெப்பம் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் ஒரு கலத்துக்கு 3 மில்லி வோல்ட் அளவில் அதைக் குறைக்க வேண்டும். மலிவான சார்ஜர் எதுவும் அதைச் செய்வதில்லை. மே முதல் ஓகஸ்ட் வரை பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடும் ஊரில், தகரக் கூரையின் கீழோ அலுமாரிக்குள்ளோ வைத்த பற்றறி நாளெல்லாம் மிகையாகச் சார்ஜ் ஏறி, உள்ளேயுள்ள ஈரத்தை இழந்து, பக்கச் சுவர் புடைத்துப் போகிறது. பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இவ்வகைப் பற்றறிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மழைக்காலம் வரும்போது பற்றறி இருக்கும், பலம் இருக்காது.

இரண்டாவது, பழைய மடிக்கணினிப் பற்றறிகளை உடைத்து எடுக்கும், 18650 எனப்படும் உருளை வடிவ லிதியம் அயன் கலங்கள். இணையத்தில் அதிகம் புகழப்படுவதும் இதுவே, கிட்டத்தட்டச் செலவில்லாததும் இதுவே. மூன்றைத் தொடராக இணைத்தால் நிறைந்த நிலையில் 12.6 வோல்ட், தீரும் நிலையில் 9 வோல்ட். ஆகவே உயர்த்தவும் தாழ்த்தவும் தெரிந்த மாற்றிப் பலகை வேண்டும். 2 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து கிடந்த கலத்தைச் சார்ஜ் செய்ய முயலாமலே ஒதுக்கிவிட வேண்டும். மற்றவற்றை நிறையச் சார்ஜ் செய்து, சில வாரம் வைத்து, அழுத்தம் இறங்கியவற்றைக் கழிக்க வேண்டும். இவ்வளவு பொறுமையும் உள்ளவருக்கும் நான் இதைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன். லிதியம் அயன் கலம் மிக விரைவில் முதுமையடைவது நிறைந்த சார்ஜும் வெப்பமும் சேரும்போதுதான். நம் தேவையோ, ஆண்டின் பெரும்பகுதியும் அதை அந்த நிலையிலேயே வைத்திருப்பது. கலத்துக்கு 4.05 வோல்ட் அளவில் நிறுத்தினால் ஆயுள் கூடும். கொள்ளளவில் ஒரு பங்கு போகும். அதற்கு மேல், யாரும் கவனிக்காத மூலையில், வரலாறு தெரியாத கலங்களை இரவும் பகலும் சார்ஜில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது, 3.2 வோல்ட் இரும்பு பொஸ்பேட்டுக் கலங்கள் நான்கைத் தொடராக இணைத்து, பி.எம்.எஸ். எனப்படும் பாதுகாப்புப் பலகையுடன் கட்டும் 12.8 வோல்ட் கட்டு. 6 அம்பியர் மணிக் கட்டு ஏறத்தாழ 77 வாட் மணி. காகிதத்தில் ஈய அமிலத்தைவிடக் குறைவுதான், ஆனால் அநேகமாக முழுவதையும் எடுக்கலாம். 9 வாட் ரவுட்டருக்கு, மாற்றியின் இழப்பைக் கழித்தாலும், ஏழு மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. எடையோ பாதிக்கும் குறைவு. வெக்கையில் நிறைந்த நிலையில் இருப்பதை இது மற்ற இரண்டையும்விட நன்றாகப் பொறுக்கிறது. பிழை நேர்ந்தால் பற்றி எரியும் சாத்தியமும் மற்ற லிதியம் கலங்களைவிட வெகு குறைவு. பூச்சியப் பாகைக்குக் கீழ் சார்ஜ் செய்யக்கூடாது என்று அட்டையில் எச்சரிக்கை இருக்கும். திருகோணமலை உவர்மலையில் அதைப் படித்துச் சிரிக்கலாம்.

ஆனால் கட்டும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நிறைந்ததும் தானே நிற்கும் சார்ஜரை இதற்கு வாங்கக்கூடாது. அது, உள்ளே போகும் மின்னோட்டம் குறைவதைப் பார்த்தே நிறைவை அறிகிறது; ரவுட்டர் எந்நேரமும் ஓர் அளவு இழுத்துக்கொண்டிருப்பதால் அந்தக் குறைவை அது காணவே காணாது. பதிலாக, 3 அம்பியர் தரும், அழுத்தத்தைத் திருகி மாற்றக்கூடிய, மின்னோட்டத்துக்கும் எல்லை வைக்கக்கூடிய ஒரு மின்வழங்கியை 13.6 வோல்ட்டில் நிறுத்தி, அதையும் பற்றறியையும் ரவுட்டருக்குப் போகும் அழுத்தத்தை 12 வோல்ட்டாக இறக்கும் தாழ்த்திப் பலகையையும் ஒரே இடத்தில் இணைத்துவிட வேண்டும். மாற்று ஆளி எதுவும் இல்லாததால் மின்சாரம் போகும்போது ரவுட்டர் ஒரு கணம்கூட அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். எல்எம்2596 போன்ற தாழ்த்திப் பலகை ஒரு வோல்ட்டுக்கு மேல் தானே எடுத்துக்கொள்ளும் என்பதால், கட்டு இறங்கும்போது ரவுட்டருக்கு 11 வோல்ட் சொச்சம்தான் போகும். பெரும்பாலான ரவுட்டர்கள் உள்ளே அதை 5 வோல்ட்டாகவும் 3.3 வோல்ட்டாகவும் இறக்கிக்கொள்வதால் இது அவற்றைப் பாதிப்பதில்லை. பலகையைத் தவிர்த்து 13.6ஐ நேரே கொடுப்பது, உள்ளேயிருக்கும், 16 வோல்ட் வரைதான் தாங்கும் கொள்ளளவிகளைத் (கப்பாசிற்றர்) தேவையில்லாமல் நெருக்குவது. நேர்முனைக்குப் பக்கத்திலேயே 5 அம்பியர் பியூஸ் கட்டாயம்.

பராமரிப்பு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 13.6 வோல்ட்டில் மலிவான பி.எம்.எஸ். நான்கு கலங்களின் சார்ஜையும் சமப்படுத்தத் தொடங்குவதில்லை. அது கலத்துக்கு 3.5 வோல்ட்டுக்கு மேலேதான் விழிக்கும். ஆகவே மழைக்காலத்துக்கு முன், புரட்டாதியில் ஒரு நாள், ரவுட்டரைக் கழற்றிவிட்டு அழுத்தத்தை 14.4க்கு உயர்த்திச் சில மணித்தியாலம் விட்டு, திரும்ப இறக்கிவிடுகிறேன். அன்றைக்கே முனைகளையும் பார்ப்பேன். கடற்காற்றில், கம்பி நுனியில் மாட்டும் செம்பு லக்கும் கலத்தின் அலுமினிய முனையும் தொடும் இடத்தில் வெள்ளைப் பூ பூக்கிறது. அதை அரத்தாளால் தேய்த்து, நிக்கல் பூசிய இணைப்புத் தகடு போட்டு, மேலே வாசலின் தடவினால் நெடுநாள் நிற்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலை ஒட்டியிருப்பவர்கள் இதை ஆண்டுக்கு இரு முறை செய்வது நல்லது.

இதன் குறை, அழுத்தத்தைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாமை. 13.2 வோல்ட்டில் நெடுநேரம் அசையாமல் நின்று, கடைசியில் சட்டென்று விழுகிறது. என் கட்டு இதுவரை சில மழைக்காலங்களைத்தான் கண்டிருப்பதால், பத்தாண்டு நிற்கும் என்ற விற்பனைப் பேச்சுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. விலையும் ஈய அமிலத்தைவிடக் கூடுதல்தான். ஏற்கனவே வீட்டில் நல்ல 7 அம்பியர் மணிப் பற்றறி கிடந்து, அதைக் குளிர்ந்த சீமெந்துத் தரையில் வைக்க இடமும் இருந்தால், அது சாகும்வரை அதையே ஓட்டலாம்.

இன்னொன்றிலும் ஈய அமிலம் முந்துகிறது. செத்த பிறகு அதைப் பழைய இரும்பு எடுப்பவர் எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்கிப்போவார். லிதியக் கட்டுக்கு அவர் கை நீட்டுவதில்லை. கழித்த 18650 கலங்கள் இருந்தால், குப்பை வண்டியில் போடாமல், முனைகளில் இன்சுலேசன் ரேப் ஒட்டி, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருங்கள். இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்கள் வரும்போது தனியாகக் கையளிக்கலாம்.