கூடத்துச் சுவருக்குக் கருநீலச் சாம்பல்: மூன்று வருடம் புழங்கிய பிறகு

காரைக்குடியில் எங்களுடையது புது வீடுதான். ஆனால் தரை ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்த்த வண்ண சிமெண்ட் டைல். நிலையும் கதவும் முனீஸ்வரன் கோவில் தெருவில் தேடி வாங்கிய பழைய பர்மா தேக்கு. சுவரெல்லாம் வெள்ளையாக இருந்தவரை தரையின் சிவப்பும் மஞ்சளும்தான் கண்ணில் அடிக்கும். வாசலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் கருநீலச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்ததும் தேக்கு எடுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. ஐயாவின் பழுப்பேறிய ரங்கூன் போட்டோவுக்கும் அங்கேதான் களை வந்தது.

“இதென்னடா, துக்க வீடு மாதிரி?” என்று அப்பத்தா முகம் சுளித்தாள். நான்கு சுவருக்கும் அடித்திருந்தால் அவள் சொன்னது சரிதான். அடர் நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மற்ற மூன்று சுவரும் மேல்தளமும் வெளிர் நிறமாக இருப்பதால் பகலில் லைட் போட வேண்டியிருக்கவில்லை.

ஷேட் கார்டை நம்பி இறங்காதீர்கள். ஒரு அட்டையில் அடித்து, காலை, மதியம், ராத்திரி என்று சுவரில் சாய்த்துப் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தூக்கலாகி ஆஸ்பத்திரிக் களை வந்துவிடும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் சாம்பல் மேலே வரும். எங்களுக்கு அதுதான் பிடித்தது.

கடையில் நிறம் கலப்பதற்கு முன் இருக்கும் மூலப் பெயிண்டை பேஸ் என்பார்கள். அடர் நிறத்துக்கான பேஸில் வெள்ளை நிறமி குறைவு, அதனால் சுவரை மூடும் சக்தியும் குறைவு. “ரெண்டு கோட்டு போதும்ணே” என்றார் பெயிண்டர். வெள்ளை பிரைமர் மேல் அது போதவில்லை, மூன்றாவது கோட் அடித்த பிறகுதான் திட்டுத் திட்டாகத் தெரிவது நின்றது. சாம்பல் கலந்த பிரைமர் என்றால் ஒரு கோட் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம், புழக்கம். எங்களுடையது பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். எண்ணெய்த் தலையோடு சாய்ந்து உட்கார்ந்தால் அந்த இடம் மினுமினுக்கும். துடைத்தால் இன்னும் மினுமினுக்கும். பல்லி எச்சத்தின் வெள்ளை முனை தூரத்திலிருந்தே தெரிகிறது. அடித்த கொசு மட்டும் தெரியாது, அந்த ஒரு லாபம்! மிச்சம் வைத்திருந்த பெயிண்டால் கீறலை மறைத்துப் பார்த்தோம், ஒட்டுப்போட்ட மாதிரி நின்றது. மூலைக்கு மூலை முழுச்சுவரும் அடித்தால்தான் ஒன்று போல் இருக்கும்.

வளவு வீடு, அதாவது முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பழைய சுவர் மேல் எமல்ஷன் (இந்த மாதிரித் தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்) எதுவும் அடிக்காதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் ஐப்பசி மழையில் உப்புப் பூத்து உரியும். கருநீலத்தில் அந்த உப்பு பளிச்சென்று தெரியும். உரித்து எடுத்தாலும் பழைய வழவழப்பு திரும்பாது. பிற்காலத்தில் கட்டிய சிமெண்ட் சுவர் இருந்தால் அங்கே ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

மாடி அறைக்கும் இதே நிறம்தான் அடிக்கப் போகிறோம், துடைத்தால் தாங்குகிற, லேசாக மினுங்கும் சாட்டின் ஃபினிஷில். சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டியின் மேடு பள்ளத்தை அந்த மினுப்பு அப்படியே காட்டிக்கொடுக்கும் என்பதால், பட்டி தேய்க்கவே தனியாக ஒரு நாள் கூலி பேசியிருக்கிறோம்.